ஐப்பசியில் ஒரு கிராமம்

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் புஸ்தகத்தில் 'ஆட்டம்' என்று ஒரு பருவம் வரும். நமக்குத் தெரிந்த ஆட்டமெல்லாம் சடுகுடு ஆட்டமும் பொய்க்கால் குதிரை ஆட்டமுந்தான். ஆகையால் உபாத்தியாயர் அதற்கு 'இலையுதிர் காலம்' என்று தமிழில் அர்த்தம் சொன்னார். மரங்களெல்லாம் பழுத்துச் சிவந்து இலைகளை உதிர்க்க, கவிகள் பெருமூச்சு விடும் காலம் என்று விளக்கமும் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஐப்பசி மாதத்து மழை கொட்டிக் கொண்டிருக்கும். எதிரே நின்ற வேப்ப மரத்திலிருந்து ஓர் இலையாவது உதிர வேண்டுமே! நம் ஊர் மரங்கள் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கும் பழக்கமுடையவை. இங்கிலாந்துக்காரன் வயல் அறுத்துக் கட்டிக் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுப் பெருமூச்சு விடுகிற அதே மாதத்தில், தஞ்சாவூர்ச் சீமையில் குடியானவன் சம்பாப் பயிருக்குக் களை எடுத்துக் கொண்டிருப்பான்.

நம் பெரியவர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர்காலம் என்றார்கள். வடமொழியில் இதற்குச் சரத்ருது என்று பெயர். வட நாட்டுக் கவிகள் இந்தச் சரத் காலத்தின் நிர்மலமான ஆகாயத்தையும் சந்திரனையும் வர்ணித்திருக்கிறார்கள். அந்தச் சந்திரனை நம் பக்கத்தில் இரண்டு மேகங்களுக்கு நடுவில் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்பது இங்கே பஞ்சாங்கத்தைவிட நம்பகமான வாக்கு.

பட்டணத்தில் மனம் கலங்கும் காலங்களில் ஜனங்கள் கிராமத்தை நினைத்துக் கொள்வது புதிய வழக்கமல்ல. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. கப்பல் போன வழி தெரியாவிட்டாலும், சென்னைவாசிகள் போன வழி நன்றாய்த் தெரிந்தது. ரயில்வே ஸ்டேஷன்களில் இடம் கொள்ளவில்லை. எமகாதகப் பேர்வழியை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கமும் நமக்கு அந்த இரவில் மிச்சமான சொத்து. பிறகு 1942-ம் வருஷம் ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. சென்னை மறுபடியும் காலியாயிற்று. கச்சேரிகளே ஜில்லாக்களுக்கு இடம் மாறின. அந்த வருஷம் எத்தனையோ பட்டணத்துப் பிள்ளைகள் முதன் முதலாக நெற்பயிரை நெற்பயிர் என்று கண்டு கொண்டார்கள்.

மூன்றாவது முறை 2020-ம் வருஷம். இந்தத் தடவை வந்தது கப்பலுமல்ல, விமானமுமல்ல. மார்ச்சு 25-ம் தேதி முதல் நாடு முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டது. எங்கே போனாலும் அது நம்மோடு கூடவே வரக் கூடியது என்பதால் ஓடி ஒளிவதிலும் ஆறுதல் இல்லை. ஜில்லா விட்டு ஜில்லா போகும் பஸ்கள் செப்டம்பர் 7-ந் தேதிதான் ஓடத் தொடங்கின. அந்த ஏழு மாதத்தில் நமக்குத் தெரிந்தவர்களில் சிலர் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தோள் கொடுக்கவும் நாம் போக முடியவில்லை. இரவில் தூக்கம் வருவதும் கடினமாயிற்று. இப்படி இருக்கும்போதுதான் ஒரு சிநேகிதர், தம் பெரியப்பாவின் கிராமத்துக்குப் பத்து நாள் போய் வரும்படி சொன்னார்.

'கிராமத்துக்குப் போங்கள், மனச்சாந்தி கிடைக்கும்' என்று எழுதுகிறவர்களிடம் நமக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. அப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாயங்கால வண்டியில் திரும்பி விடுகிறவர்கள். வயலில் நிற்பவன் முகத்தில் அவர்கள் கண்ட சாந்தி, அவன் மேற்கே மேகத்தைப் பார்த்து நின்றதாகக் கூட இருக்கலாம். இந்தச் சந்தேகத்தையும் மூட்டையில் கட்டிக் கொண்டுதான் அக்டோபர் 24-ம் தேதி, ஐப்பசி எட்டாம் நாள், பஸ் ஏறினோம்.

சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தின்மேல் பஸ் ஏறியதும், அதுவரை முகக் கவசத்துக்குள் தூங்கிக் கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது, உறவினரைக் கண்டதும் சௌக்கியமா என்று கேட்பது போல. தண்ணீர் போயிற்று. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறக்க வேண்டும் என்பது வழக்கம். 120 அடி உயரம் நீர் பிடிக்கும் அந்த அணையில், வழக்கமான அந்தத் தேதிக்குத் திறக்கத் தண்ணீர் போதாமலே எட்டு வருஷங்கள் கழிந்திருந்தன. ஊரெல்லாம் முடங்கிக் கிடந்த 2020-ம் வருஷத்திலேதான் ஜூன் 12-ம் தேதி மறுபடியும் திறந்தார்கள். மனிதர்களுக்கு வாய்க்காத வருஷம் மண்ணுக்கு வாய்த்தது.

நாம் போன ஊர் குத்தாலத்துக்கும் மாயூரத்துக்கும் இடையே, காவேரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெயர் சொல்வதாக இல்லை. சொன்னால் பெரியவர் கோபித்துக் கொள்வார். மாயவரம் என்றும் மாயூரம் என்றும் வழங்கிய நகரம் 1982-ல் மயிலாடுதுறை ஆயிற்று. நாம் போனபோது அது நாகப்பட்டினம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த டிசம்பர் 28-ம் தேதிதான் தனி ஜில்லா ஆயிற்று. ஊருக்கு ஓரமாக ரயில் பாதை போகிறது. ஆனால் மார்ச்சு மாதம் நின்ற பாசஞ்சர் வண்டிகள் அப்போது இன்னும் ஓடத் தொடங்கவில்லை. "காலை வண்டி கூவினால் சோறு வடிப்போம், சாயங்கால வண்டி கூவினால் மாடு கட்டுவோம். இப்போ மாடே நேரம் சொல்லுது" என்றார்கள் பெரியவர் வீட்டு அம்மாள். அந்த வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே அவர்களை எல்லாரும் 'அப்பாயி' என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டோம்.

இந்தச் சீமையின் ஐப்பசியில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு வயலில் அறுப்பு, அடுத்த வயலில் உழவு, அதற்கடுத்ததில் நடவு, அதற்கும் அப்பால் முழங்கால் உயரம் பச்சை. ஆனியில் விட்ட குறுவை, அறுவடைக்கு வந்து நிற்கும். குறுவை அறுத்த இடத்திலேயே சேறு ஆறுவதற்குள் தாளடிக்கு உழுது விடுவார்கள். ஒரு போகம் மட்டும் எடுக்கும் தாழ்ந்த நிலங்களில் ஆவணியில் நாற்று விட்ட சம்பா அப்போது தூர் கட்டிக் கொண்டிருக்கும். பிறப்பும் இறப்பும் கல்யாணமும் ஒரே தெருவில் ஒரே நாளில் நடப்பதுபோல என்று வைத்துக் கொள்ளுங்களேன். அறுப்பு இப்போதெல்லாம் அரிவாளால் அல்ல. செயின் வண்டி என்று ஊரார் சொல்லும் இயந்திரம் அரை நாளில் இரண்டு ஏக்கரை விழுங்கி நெல்லாகக் கக்கிவிட்டுப் போகிறது. அது போன மறு நிமிஷம் கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் வந்து இறங்குகின்றன. மறுநாள் வாத்துக்காரர் வருகிறார். நானூறு ஐந்நூறு வாத்துகள் ஒரே அபிப்பிராயமாக ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கு வரப்பேறிப் போகிற காட்சியை, அபிப்பிராய பேதத்துக்குப் பெயர் போன நம் பட்டணத்துச் சபைகள் ஒரு முறை பார்க்க வேண்டும்.

பெரியவருக்குக் குறுவையில் இரண்டு ஏக்கர். ஆடுதுறை 43 என்னும் சன்ன ரகம். அறுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நெல் இன்னும் ரோட்டோரத்தில்தான் கிடந்தது. காரணம், ஈரம். சர்க்கார் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி. ஐப்பசியில் வானமே நூற்றுக்கு நூறு ஈரமாயிருக்கிறது. அதை எந்த விதியால் கட்டுவது? எடுத்தால் அந்த வருஷம் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 1,958 ரூபாய். எடுக்காவிட்டால் வீடு தேடி வரும் வியாபாரி சொன்னது விலை.

காலை எட்டு மணிக்குப் படுதாவை நீக்கி நெல்லை ரோட்டில் பரப்புவார்கள். பிறகு அதற்குள் வெறுங்காலால் துழாவிக் கொண்டே நடக்க வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஏர் உழுவதுபோல் கால் உழுது கொண்டே போகும். அடியில் கிடக்கும் நெல் மேலே வரும். திரும்பி வரும்போது பக்கத்தில் இன்னொரு சால். இப்படியே பொழுது சாய்கிற வரையில். மேற்கே கறுத்தால் ஓடி வந்து குவித்து மூட வேண்டும். வெளுத்தால் மறுபடியும் பரப்ப வேண்டும். முதல் நாள் நாம் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக் கொண்டிருந்தோம். இரண்டாவது நாள் பெரியவர் கூப்பிட்டார்.

"வாங்க தம்பி, நடக்கிறீங்களா? உங்க பட்டணத்திலே காலையிலே சும்மாவே நடக்கிறாங்களாமே. இங்கே நடந்தா நெல்லாவது காயும்."

நடந்தோம். முதலில் உள்ளங்கால் கூசிற்று. சுனை பட்டுக் கணுக்கால் அரித்தது. அரை மணிக்குப் பிறகு அரிப்பு மறந்து போயிற்று. ஒரு மணி கழித்து வேறு சிலவும் மறந்து போயின. மேலே காய்ந்த நெல்லின் சூடும் அடியில் கிடக்கும் நெல்லின் குளிர்ச்சியும் மாறி மாறிக் காலில் படும். எந்த இடம் இன்னும் ஈரம் என்று காலே சொல்லத் தொடங்கும். அங்கே இன்னொரு முறை போகத் தோன்றும். ஏழு மாதமாகச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் செய்திகளைக் கேட்டுக் கேட்டுப் புண்ணாயிருந்த மனத்துக்கு, செய்ய வேண்டியது இன்னதென்று கண்ணுக்கெதிரே கிடப்பது எத்தகைய பாக்கியம் என்பதை விவரிக்க நமக்குச் சாமர்த்தியம் போதாது. அன்றிரவு நன்றாய்த் தூங்கினோம் என்று மட்டும் சொல்கிறோம். நம்மைப் போலவே நடந்த பெரியவர் அன்றிரவு தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தவளைச் சத்தம் மாறினால் மழை என்பது அவர் கணக்கு. அதனால் இரவெல்லாம் காதை வாசலில் வைத்திருந்தார்.

அவருடைய மூத்த மகன் அம்பாரத்தின் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். ஏப்ரலில் கம்பெனி மூடிற்று. மே மாதம் பெண்சாதி குழந்தையோடு ஊர் வந்து சேர்ந்தான். திரும்பக் கூப்பிட்டார்களா என்று கேட்டோம். "கூப்பிட்டாங்க. பாதிச் சம்பளம். யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான். பெரியவர் அதைக் கேட்டும் கேளாதவர்போல் படுதாவின் முனையில் கல்லை எடுத்து வைத்தார். மகன் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. இரண்டு ஏக்கரும், தாழ்வில் ஒன்றரை ஏக்கரும் இரண்டு குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. 2016-ம் வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு குறைந்து, மறு ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சிப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சம்பாவில் விதைநெல்கூடத் திரும்பவில்லையாம். அப்போது திருப்பூரிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் நவராத்திரி ஐப்பசியில் வந்தது. விஜயதசமி அக்டோபர் 26-ம் தேதி. பள்ளிக்கூடங்கள் மார்ச்சிலிருந்து பூட்டிக் கிடந்தன. ஊரில் பி.ஏ. படித்த ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் பதினைந்து குழந்தைகளை இடம் விட்டு உட்கார்த்திப் பாடம் சொல்லி வந்தாள். வாய்ப்பாடும், உலகப் படமும், இடையிடையே அதட்டலும் தெரு முனை வரை கேட்கும். விஜயதசமியன்று பெரியவரின் பேத்திக்கு அக்ஷராப்பியாசம். தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுத வைத்தார்கள். ரோட்டில் கிடந்த அதே நெல்தான். முதல் நாள் மாலை கொள்முதல் நிலையத்தில் கருவியை வைத்துப் பார்த்து, பத்தொன்பது இருக்கிறது என்று திருப்பி அனுப்பிய நெல். சரஸ்வதி தேவி ஈரப்பதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நிலையத்துப் பட்டியல் எழுத்தரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் அவரை வைவதற்கு ஆள் குறைவில்லை. நாம் போய்ப் பார்த்தோம். முன்னால் நூறு அம்பாரம், கையில் ஒரு கருவி, தலைக்கு மேலே கீற்றுக் கொட்டகை. ஈர நெல்லை வாங்கினால் கிடங்கில் முளை விடும். பதில் சொல்ல வேண்டியவர் அவர். வாங்காவிட்டால் ரோட்டில் முளை விடும். கேட்க வேண்டியவரும் அவரே. மத்தியானச் சாப்பாட்டை நின்று கொண்டே முடித்தார். அவரை வைவதில் நமக்கு ருசி இல்லாமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை கருவி பதினேழரை காட்டிற்று. "நாளைக்கு ஒரு வெயில் போதும்" என்றார் பெரியவர். மறுநாள் அக்டோபர் 28. அன்றுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதென்று வானிலை இலாகா அறிவித்தது. அறிவிப்பு வானொலியில் வருவதற்கு வெகு முன்பே அது நம் படுதாவின் மேல் வந்துவிட்டது.

அடைமழை என்பது சென்னையில் பெய்வது அல்ல. சென்னையில் மழை வந்து சண்டை போட்டுவிட்டுப் போகும். இங்கே வந்து குடியிருக்கும். வானமும் வயலும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் பச்சை மட்டும் தனியே எரிவது போல் தெரியும். வாய்க்கால் கரை வழிந்து, மீன் குஞ்சுகள் தெருவுக்கு வரும். சாயங்காலம் ஒரு நாழிகை வெறித்தால் மண்ணிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கைத் தேடி வீடு முழுவதும் சிறகு. அப்பாயி முறத்தில் கூட்டி அரிசியோடு சேர்த்து வறுத்துக் கொடுத்தார்கள். நாம் தின்றோமா என்று கேட்காதீர்கள். வரப்பில் வளை தோண்டும் நண்டுகளைப் பிள்ளைகள் பிடித்து வந்தால் அது ஜலதோஷத்துக்கு ரசமாகிவிடும். அந்த வருஷம் தும்மல் என்றாலே ஜனங்களுக்கு நடுக்கம். அப்பாயிக்கு மட்டும் தும்மல் இன்னும் தும்மலாகவே இருந்தது. மிளகையும் சுக்கையும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சினார்கள். அதே சமயம் முகக் கவசம் இல்லாமல் யாரையும் வாசற்படி ஏற விடவில்லை. சாஸ்திரம் இரண்டையும் அவர்கள் சண்டையின்றிச் சமாளித்ததைப் பார்த்தோம்.

மழை பெய்த ஓர் இரவில், நான்கு வீடு தள்ளி நாகஸ்வரம் கேட்டது. அங்கே ஒரு நாகஸ்வரக்காரர் குடும்பம் இருக்கிறது. இந்தக் குத்தாலம் வட்டாரத்தில் உள்ள திருவாவடுதுறையில்தான் ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்து தோடியை உலகெல்லாம் கேட்கச் செய்தார். அந்த மண்ணில் 2020-ம் வருஷம் பங்குனி உற்சவம் இல்லை, சித்திரைத் தேர் இல்லை. கல்யாணங்கள் ஐம்பது பேருக்குள் நாகஸ்வரம் இல்லாமலே நடந்து முடிந்தன. கையில் வாத்தியமிருந்தும் ஏழு மாதம் வருமானமில்லை. மழை விட்ட பிறகு போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் வாசிப்பை நிறுத்தி விரல்களை விளக்கின் கீழே நீட்டிக் காட்டினார். ஆடி மாதத்திலிருந்து அண்டை வெட்டப் போகிறாராம். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போன விரல்.

"துளை சரியா மூடலைங்க. காத்து கசியுது. நம்ம காதுக்குத் தெரியுது. அதான் ராத்திரியிலே, யாரும் கேட்காதப்போ சாதகம் பண்ணிக்கிறேன்."

தோடி வாசிக்க முடியுமா என்று கேட்டோம். "அது அவங்க சொத்துங்க" என்று சிரித்துவிட்டு நீலாம்பரி எடுத்தார். எங்கேயோ ஓரிரு இடத்தில் காற்றுக் கசிந்திருக்கலாம். நம் காதுக்குத் தெரியவில்லை. தெருவில் ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்திற்று என்பது மட்டும் தெரிந்தது.

ஐப்பசிப் பௌர்ணமி அந்த மாதம் 31-ம் தேதி. சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிய லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாய் அரிசி வடித்துச் சார்த்துவது பிரசித்தம். நம் ஊர்ச் சிறு கோயிலில் மூன்று மரக்கால். குறுவையின் முதல் அரிசி. லிங்கம் முழுவதும் வெள்ளைச் சோறு மூடி, மேலே ஒரு கத்தரிக்காயும் ஒரு புடலங்காயும் சார்த்தியிருந்தார்கள். கோயிலுக்குள் பிரசாதம் கொடுக்கக் கூடாதென்று அப்போது விதி. ஆகவே குருக்கள் வெளியே தெருவில் வந்து நின்று இலைப் பொட்டலமாய்க் கொடுத்தார். பாக்கியைக் குளத்து மீன்களுக்குக் கரைத்தார்கள். தெருவில் நின்று சோறு வாங்கியவர்களில் அந்த வருஷம் வேலை இழந்து திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று நாம் எண்ணவில்லை. எண்ணுவது அழகல்ல என்று தோன்றிற்று. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் தம் செலவில் கஞ்சித் தொட்டி வைத்ததும், கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனம் பாடியதும் இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லிக் கொள்ளும் கதை. அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதைக் காட்டிலும் இந்தக் கஞ்சிதான் ஊராருக்கு ஞாபகமிருக்கிறது.

மறுநாள் விடியற்காலையில் அப்பாயியுடன் துலாக்கட்டத்துக்குப் போனோம். ஐப்பசி முழுவதும் கங்கை முதலிய நதிகளெல்லாம் தங்கள் பாவத்தைத் தொலைக்க மாயூரத்துக் காவேரிக்கு வருவதாக ஐதீகம். மாதக் கடைசி நாளில் கடைமுகம் என்று கூட்டம் நெரியும். நாம் போனபோது படித்துறையில் அங்கங்கே சிலர். மூக்கை மூடியிருந்த துணியை அவிழ்த்துப் படியில் வைத்துக் கல்லை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு முழுகினார்கள். காவேரி கலங்கி, கனத்து, செம்மண் நிறமாய்ப் போய்க் கொண்டிருந்தது. அப்பாயி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரப் புடவையுடன் படியில் உட்கார்ந்து முடவன் கதையைச் சொன்னார்கள்.

ஒரு முடவன் துலா ஸ்நானத்துக்கென்று தூர தேசத்திலிருந்து புறப்பட்டான். நகர்ந்து நகர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து போயிற்று. அவன் மாயூரநாதரிடம் அழுதான். இன்று கார்த்திகை முதல் தேதி. இன்றும் முழுகு, ஐப்பசிப் பலன் உனக்கும் உண்டு என்று சுவாமி அருளினார். அதனால் கார்த்திகை முதல் தேதி இன்றும் முடவன் முழுக்கு.

"சாமிக்கு அவன் வழியிலே இருக்கான்னு தெரியாதா அப்பாயி? முன்னாடியே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே?" என்று பேத்தி கேட்டாள்.

"வந்திருக்கலாம். ஆனா அவனுக்குப் பின்னாலே நொண்டிக்கிட்டு வர்றவங்க எப்போ முழுகறது?" என்றார்கள் அப்பாயி.

பௌர்ணமிக்குப் பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தது. நாலு பேராய்ச் சேர்ந்து நடந்தோம். அம்பாரத்தின் அடியில் கால் மூட்டை அளவு நெல் வெள்ளை முளை விட்டிருந்தது. அதைப் பிரித்து வாத்துக்காரரிடம் கொடுத்தாயிற்று. நவம்பர் 2-ம் தேதி மத்தியானம் கருவியில் பதினாறு புள்ளி எட்டு. நாற்பது கிலோச் சிப்பமாகத் தொண்ணூற்றாறு ஏறிற்று. எழுபத்தையாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். பெரியவர் ரசீதை மடித்து மடியில் செருகிக் கொண்டு, நேரே தாளடிக்கு நாற்றுப் பறிக்கும் இடத்துக்குப் போய்விட்டார். ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றோம். "நாத்து முத்திப்போச்சு தம்பி" என்றார்.

நாம் மறுநாள் பட்டணம் திரும்பினோம். அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிட வேண்டும். நவம்பர் 25-ம் தேதி இரவு நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறிற்று. இந்த ஊருக்குப் பெரிய சேதமில்லை. டிசம்பர் முதல் வாரம் புரெவி வந்தது. தாளடி ஆறு நாள் தண்ணீருக்கடியில் கிடந்து பாதி அழுகிற்று. தப்பிய சம்பா, நாம் முழங்கால் உயரம் பார்த்த அந்த ஆந்திராப் பொன்னி, கதிர் பழுத்துத் தலை சாய்ந்து நின்றபோது 2021 ஜனவரியில், எந்தப் பழமொழியிலும் இல்லாதபடி, பொங்கலோடு சேர்ந்து அடைமழை பெய்தது. பயிர் படுத்துவிட்டது. டெலிபோனில் பெரியவர், "நாலு நாலு தூராச் சேர்த்துக் கட்டி நிமிர்த்திக்கிட்டிருக்கோம்" என்றார். யார் யார் என்று கேட்டோம். மகன் திருப்பூர் போகவில்லையாம். நாகஸ்வரக்காரரும் வந்திருக்கிறாராம். தைப்பூசத்துக்கு அவருக்கு ஓர் இடத்தில் அழைப்பு வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

மாசி மாதம் லாரி ஆபீசிலிருந்து ஒரு மூட்டை வந்தது. பிரித்தோம். அரிசி கொஞ்சம் பழுப்பு, நொய் கூடுதல். உள்ளே ஒரு காகிதத்தில், பேத்தியின் கையெழுத்தில் அகரம் முதல் ஒளகாரம் வரை எழுதி, கீழே 'கஞ்சியை வடிக்காமல் பொங்கவும்' என்று பெரியவர் எழுதியிருந்தார். அப்படியே பொங்கினோம். சாதம் நன்றாகவே இருந்தது.